அப்பாவையும் சித்தப்பாவையும் விழுங்கிய லாந்தர் லென்ஸ்

1

சென்ற வாரம் எங்கள் ஸ்டூடியோவுக்கு ஒரு கிராணி வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவரைப் பினாங்கில் கிராணி என்பார்கள். ஒரு கையில் பழைய காமிரா, இங்கிலீஷ்காரன் செய்தது. மறு கையில் புதிய காமிரா, ஜெர்மன்காரன் செய்தது. பழையதின் லென்ஸ் மேல் மனிதருக்குத் தீராத மோகம். புதியதின் உடம்பையும் விட மனசில்லை.

"இதன் கண்ணைப் பிடுங்கி அதன் முகத்தில் வைத்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அப்படி ஏற்றினால் பிரசங்கம் ஆரம்பம் என்று அர்த்தம்.

"முடியாது ஐயா. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் திருகுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறான். ஒருத்தன் மரை இன்னொருத்தன் மரையில் ஏறாது. அடித்துப் பிடித்து ஏற்றினாலும், லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு நூல் மாறினால் போதும். கிட்டே இருக்கிற மூக்கு தெரியும், தூரத்தில் இருக்கிற மலை தெரியாது."

"மலை எனக்கு எதற்கு? மூக்குத் தெரிந்தால் போதும்" என்றார் கிராணி. பெண் வீட்டாருக்கு அனுப்ப வேண்டிய படமாம்.

திரைக்குப் பின்னால் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்து, "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம். இதைவிடப் பொருந்தாத கண்ணை இதைவிடப் பெரிய முகத்தில் நான் வைத்திருக்கிறேன்" என்றேன். வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்விட்டார். அந்தப் பழைய சங்கதி அவருக்குத் தெரியும். சேலம் ஜில்லாவில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியாது. கிராணியின் இரண்டு காமிராக்களும் மேஜை மேல் என்னைப் பார்த்தபடி இருக்கின்றன. அவற்றைத் தொடுவதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன்.

2

நான் பிறந்தது பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில், காவிரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தோட்டத்து வீட்டில். என்னைக் கட்டியவர் குமாரபாளையத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்னாலேயே கப்பலேறி வந்து இங்கே படம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். வந்த புதிதில் எனக்கு ஸ்டூடியோவில் வேலை ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் ஒரு பெரிய வீட்டு அம்மாள், ஆண்பிள்ளை முன்னால் முக்காட்டை எடுக்க மாட்டேன் என்று நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு இவர் வெளியே போனார், நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அன்று முதல் பெண்பிள்ளைகள் படமெல்லாம் என் பொறுப்பு.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு கோட்டு இருக்கிறது. ரிக்ஷா இழுக்கிறவர், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் எல்லோரும் அந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஊருக்குப் படம் அனுப்புகிறார்கள். கூடவே கையில் கட்ட ஒரு கடிகாரமும் உண்டு. அது ஓடாது, படத்தில் அது தெரியப்போவதில்லை. உங்கள் ஊரில் பினாங்குப் படம் ஏதாவது சுவரில் தொங்கினால் கோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடது பையில் ஒரு தையல் இருக்கும். நான் போட்டது.

என் மகள் தங்கம் இங்கே பிறந்தவள். பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தைகளோடு விளையாடி விளையாடி அவள் பேசும் தமிழில் பாதி தமிழாக இல்லை. மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன' என்று அர்த்தம். கூப்பிட்டால், "என்னம்மா?" என்று கேட்க வேண்டியவள், "அப்பா?" என்பாள். பெற்ற அப்பா வீட்டில் இருந்தால், "என்னம்மா வேணும்?" என்று அவர் வேறு எழுந்து வருவார். நான் கூப்பிட்டது அவளை. வந்து நிற்பது அவர்.

இந்தப் பெண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவரையும் தெரியாதே என்ற கவலையில்தான் ஒரு வருஷம் ஊருக்குப் போகலாம் என்று கிளம்பினேன். இவர் ஸ்டூடியோவைப் பார்த்துக்கொண்டார். நான் தங்கத்தையும், ஸ்டூடியோவின் பழைய அரைத் தகட்டுக் காமிராவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினேன்.

இறங்கிய துறைமுகத்தில் சுங்கக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இது என்ன?"

"காமிரா."

"உள்ளே?"

"ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாததற்கா இத்தனை பெரிய பெட்டி?"

கறுப்புத் துணியை அவர் தலையில் போட்டு, பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன். எதிர் மேஜையில் அவருடைய மேலதிகாரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். மனிதர் வெளியே வரவே இல்லை. வந்த பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கப்பலில் வந்த ஜனமெல்லாம் மூட்டையோடு காத்திருக்க, சுங்கச் சாவடியே வரிசையில் நின்று மேலதிகாரியைத் தலைகீழாகப் பார்த்தது.

பிறகு, படம் பதிகிற கண்ணாடித் தகடுகள் இருந்த டப்பாவுக்கு வந்தார். அதைத் திறந்தால் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும் என்றேன்.

"திறக்காமல் உள்ளே என்ன படம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாதுங்க. இன்னும் எடுக்கவில்லை."

அவர் வெகு நேரம் யோசித்தார். கடைசியில் 'காலிப் பெட்டி ஒன்று, காலிக் கண்ணாடி ஒரு டப்பா' என்று எழுதி முத்திரை குத்தினார். சீமை சாமான் அத்தனையையும் காலி என்று எழுதிக் கொடுத்த அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

3

சுங்கச் சாவடியில் பிழைத்த லென்ஸ் ரயிலில் பிழைக்கவில்லை. ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது வண்டி மிரண்ட எருது மாதிரி ஒரு இழுப்பு இழுத்தது. மேல் பலகையில் இருந்த பெட்டி கீழே வந்தது. ஈரோட்டில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் லென்ஸ் கண்ணாடி மூன்று சில்லாகக் கிடந்தது. தகடுகளில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் தூள்.

வீட்டுக்குள் போனதும் அதைவிடப் பெரிய உடைசல் ஒன்றைப் பார்த்தேன். நான் ஓடி விளையாடிய பெரிய ஆசாரத்துக்கு, அதாவது கூடத்துக்கு, குறுக்கே ஒரு சுவர். இந்தப் பக்கம் அப்பா ராமசாமி. அந்தப் பக்கம் அவர் தம்பி, என் சித்தப்பா பழனியப்பன். வாசல் மட்டும் ஒன்று.

இந்தச் சுவர் எழும்பியது என்னால்தான் என்று ஊரே சொல்லும். என் கல்யாணப் பந்தலில் சித்தப்பா, "கடல் தாண்டிப் புள்ளையத் தள்ளியுடறவன் எனக்கு அண்ணனே இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அப்பா, "என்ற புள்ளைய நான் எங்க வேணாக் குடுப்பேன்" என்றார். அவ்வளவுதான். நான் கப்பலேறினேன், வீட்டுக்குக் கொத்தனார் வந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொண்டதில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறை கேட்பதென்றால்கூட இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா நிற்க வேண்டும்.

"உன்ற கொழுந்தனைக் கேளு, நாளைக்குத் தண்ணி ஆருதுன்னு."

"அண்ணனுக்குச் சொல்லுங்க அண்ணி, நாளைக்கு என்றதுதான்னு."

இத்தனைக்கும் இரண்டு பேரும் நிற்பது கைக்கெட்டும் தூரத்தில். அம்மா ஒன்றையும் திருப்பிச் சொல்வதில்லை. நடுவில் நின்று தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவாள். அது போதும்.

தங்கம் வந்ததில் இரண்டு பக்கமும் சந்தோஷம். ஆனால் அதிலும் ஒரு குழப்பம். அப்பா அவளைக் கூப்பிட்டார்.

"தங்கம், இங்க வா சாமி."

"அப்பா?"

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. "அப்பா இல்ல சாமி, அப்புச்சி."

"அப்பா?"

"அப்புச்சீன்னு சொல்லோணும்."

"அப்பா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

"ஏஞ்சாமி, கண்ட பொம்பளைங்களையெல்லாம் படம் புடிக்கிறயாமா. என்னை ஒருக்காப் புடிக்கக் கூடாதா?"

"அதுக்குத்தானம்மா தூக்கிட்டு வந்தேன். கண்ணாடி ஒடைஞ்சு போச்சே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்கப்பனையும் சித்தப்பனையும் ஒரே சட்டத்துக்குள்ள நான் பாத்தரோணும். நீ போயிட்டா மறுக்கா எப்ப வாரயோ. அதுக்குள்ள எவன் இருக்கறான், எவன் போறான், ஆரு கண்டது?" என்றாள். அவள் அழவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். 

4

லென்ஸுக்கு எங்கே போவது? சேலத்தில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் ஆள் விட்டுக் கேட்டேன். என் காமிரா ஒரு கம்பெனி, அவரிடம் இருப்பது வேறு கம்பெனி, பொருந்தாது, எழுதிப் போட்டால் பம்பாயிலிருந்து வரும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று பதில் வந்தது. என் கப்பல் அதற்குள் போய்விடும்.

அப்போது சித்தி ஒரு யோசனை சொன்னாள். சித்தப்பாவின் மனைவி, சுவர் தனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இல்லை என்பது போல் நடந்துகொள்கிறவள். "திருச்செங்கோட்டுல லாந்தர் மாரிமுத்து இருக்கறான் பாரு. நோம்பிக்கு நோம்பி வேட்டியக் கட்டி அதுல படம் உளுக வெப்பானே. அவம் பொட்டியிலயும் ஒரு கண்ணாடி இருக்குமல்லோ?"

மேஜிக் லாந்தர்! திருவிழாக்களில் விளக்கு வெளிச்சத்தை வைத்துக் கண்ணாடியில் வரைந்த படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டும் பெட்டி. அதில் லென்ஸ் இருக்கத்தான் வேண்டும். உள்ளே இருப்பதை வெளியே எறிகிற லென்ஸ், வெளியே இருப்பதை உள்ளே எறியாதா?

ஆள் அனுப்பினோம். மாரிமுத்து மறுநாளே மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, சரிகைத் துண்டு, முறுக்கிய மீசை. அவருடைய லாந்தரின் விளக்கு வெடித்துவிட்டதாம். புது விளக்கு வரும்வரை லென்ஸுக்கு வேலை இல்லை. பித்தளைக் குழாய், அரைப்படி பருமன் இருக்கும். கையில் வாங்கியபோதே மணிக்கட்டு வலித்தது.

"இரவல் குடுக்கறதுல ஒண்ணும் இல்லீங்க அம்மிணி. காசும் வேண்டாம். ஒரே ஒரு சோலி" என்றார். "படத்துல நானும் இருக்கோணும்."

"இது எங்க குடும்பப் படமுங்களே!"

"அதுக்குத்தானுங்க கேக்கறேன். காசியக் காட்டியிருக்கறேன், லண்டனக் காட்டியிருக்கறேன். என்னை ஒருத்தனும் ஒரு படத்துலயும் காட்டுனதில்லை. தனியா நின்னு புடிச்சா அனாதைப் பொணத்துக்குப் புடிச்ச மாதிரி இருக்கும். எனக்குன்னு குடும்பம் இல்லீங்க. படத்துலயாச்சும் ஒண்ணுல இருந்துட்டுப் போறேனே."

சிரிப்பதா, இரங்குவதா என்று தெரியவில்லை. சரி என்றேன்.

இனி பொருத்தும் வேலை. என் காமிராவின் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன மரப்பலகை உண்டு. லென்ஸ் அதில்தான் திருகி நிற்கும். லாந்தர்க் குழாய் அந்தத் துளைக்குள் போகவே போகாது. புதுப் பலகை வேண்டும். அம்மாவின் அரிசிப் பெட்டி மூடியை அறுத்தேன். துளை போட, மாட்டுக்குச் சூடு வைக்கிற வளையச் சூட்டுக்கோலைச் சித்தி சுவருக்கு மேலால் நீட்டினாள். அதைப் பழுக்கக் காய்ச்சி மூடியில் வைத்தேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "பொட்டி மூடிக்கு எதுக்கடி சூடு வெக்கறே? அது எங்கயாச்சும் ஓடிப் போவுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

துளை பெரிதாகிவிட்டது, குழாய் அதில் ஆடியது. பக்கத்து ஊர்த் தறிக்காரர் வீட்டில் ஒரு கழி நூல் வாங்கிக் குழாயைச் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். அதன் மேல் புளியங்கொட்டைப் பசை. வெளிச்சம் ஒழுகாமல் இருக்க விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினேன். காமிரா இழவு வீட்டுக்குக் கிளம்பிய யானை மாதிரி ஆகிவிட்டது. பித்தளையின் கனம் தாங்காமல் முகம் தொங்கியது. கீழே நெல் அளக்கிற படியைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தேன். மூடுவதற்கு மூடி இல்லை. சீயக்காய் டப்பாவின் மூடி கச்சிதமாக இருந்தது.

களத்தில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, காமிராவின் தோல் துருத்தியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். தெரிந்தது! களத்து மேட்டுப் பூவரசு தலைகீழாக, இலை இலையாக. ஆனால் நடுவில் மட்டும். லாந்தரின் கண்ணாடிப் படம் சின்னது. அதற்கென்று செய்த லென்ஸ் என் பெரிய தகடு முழுவதையும் எட்டவில்லை. நடுவில் ஒரு வட்டம் வெளிச்சம். வட்டத்தின் ஓரத்தில் எல்லாம் சுழித்துக்கொண்டு ஓடின. அதற்கும் வெளியே நல்ல கறுப்பு.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஏமாற்றம் போய், வேறொரு எண்ணம் வந்தது.

5

பொழுது சாய்ந்து வெயில் தணிந்த நேரம். களத்தில் பாயை விரித்து எல்லோரையும் வரச் சொன்னேன். அம்மாவும் சித்தியும் நடுவில் உட்கார்ந்தார்கள். தங்கமும் சித்தப்பாவின் இரண்டு பெண்களும் அவர்கள் மடியோடு. மாரிமுத்து யாரும் சொல்லாமலே நேராக வந்து பின்னால் நடு நாயகமாக நின்று மீசையைத் தடவிக்கொண்டார். அப்பா இடது கோடிக்குப் போய் நின்றார். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு வலது கோடிக்குப் போனார். நடுவில் ஒரு வண்டி போகலாம்.

"அப்பா, கோடியில நின்னா படத்துல உழுகாதுங்க. நடுவுக்கு வாங்க" என்றேன்.

"நான் எங்க நின்னாலும் நான்தான். அவனை வரச் சொல்லு."

"அவரு வந்தா நான் வாரேன் அண்ணி" என்றார் சித்தப்பா அம்மாவிடம். அம்மா தலையை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, என்னைப் பார்த்தாள்.

சித்தப்பாவையாவது மசியவைக்கலாம் என்று அவரைக் கூப்பிட்டுக் கறுப்புத் துணிக்குள் பார்க்கச் சொன்னேன். காமிராவை அப்பா பக்கம் திருப்பி வைத்திருந்தேன். உள்ளே இருந்து சிரிப்பு வெடித்தது.

"அண்ணன் தலைகீழா நிக்கறாரு! இத்தனை நாளா நாஞ் சொன்னது இதைத்தானே! இந்தப் பொட்டிக்குக் கூடத் தெரிஞ்சிருக்குது!"

அதோடு தீர்ந்தது. அப்பா இன்னும் இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

என்னிடம் இருந்தது இரண்டே தகடு. நான் யோசித்தேன். பிறகு இருவரையும் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு முதல் தகட்டைச் செருகி, எல்லோரையும் மூச்சுப் பிடிக்கச் சொல்லி, சீயக்காய் மூடியை எடுத்து மூடினேன்.

நெல் அறையில் கதவிடுக்கையெல்லாம் அடைத்து, சிவப்புத் துணி சுற்றிய விளக்கு வெளிச்சத்தில் தகட்டை மருந்தில் கழுவினேன். மறுநாள் காலை வெயிலில் காகிதத்தில் பதித்து அப்பா கையில் கொடுத்தேன்.

அப்பா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே பிடித்துப் பார்த்தார். வட்டத்துக்குள் அம்மா, சித்தி, குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால், இந்த வீட்டையும் தோட்டத்தையும் தானே சம்பாதித்தவர் போல, மீசையை முறுக்கிக்கொண்டு லாந்தர் மாரிமுத்து. இரண்டு பக்கமும் அமாவாசை.

"நான் எங்கடி?"

"அந்தக் கறுப்புக்குள்ள இருக்கறீங்கப்பா."

"இவன் ஆரு, என்ற ஊட்டுல மாப்பிள்ளை மாதிரி நிக்கறவன்?"

"லாந்தர்க்காரருங்க."

அம்மா எட்டிப் பார்த்தாள். "படம் நல்லாத்தான் இருக்குது. ஒறம்பரை சனத்துக்கெல்லாம் இதையே ஒண்ணொண்ணு அனுப்பிச்சு உட்டுரலாம்" என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. என்னைவிட அம்மா கெட்டிக்காரி என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அப்பா படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விருட்டென்று வெளியே போனார். அங்கே சித்தப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா போய் அவர் முன்னால் நின்றார். அம்மா வழக்கம்போல நடுவில் நிற்கக் கிளம்பினாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

 அப்பா படத்தை நீட்டினார்.

"டேய் பழனி. இதைப் பாருடா."

சித்தப்பா பார்த்தார். முகம் சிவந்தது.

"ஏனுங்கண்ணா, இந்த நாயி எதுக்கு நம்ம ஊட்டுப் பொம்பளைங்களுக்குப் பின்னாடி நிக்குது?"

"அதைத்தான்டா நானும் கேக்கறேன்!"

கிணற்றடியில் நின்ற சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேராகப் பேசிய முதல் பேச்சு அது. இரண்டு பேருக்கும் அது தெரிந்ததாகவே தெரியவில்லை. மாரிமுத்தை என்ன செய்யலாம் என்று மும்முரமாகப் பேசிக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்கள். மாடு பாதித் தண்ணீரோடு நின்றது.

6

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பினாங்கில் என் வேலையே ஆட்களை நகர்த்துவதுதான். "சற்று இந்தப் பக்கம், தலையைச் சாய்த்து, தோளை இறக்கி" என்று நாள் முழுவதும் சொல்கிறேன். காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் சொன்னபடி கேட்பார்கள். பெற்றவர்கள் கேட்பதில்லை. கடல் தாண்டி வந்தவள் திரும்பிப் போய் எதையாவது சீர்செய்ய நினைத்தால், ஊரில் எல்லோரும் விருந்தாளிக்குச் சோறு போடுவதில் குறியாக இருக்கிறார்கள். அவள் சொல்லை எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் குறைபட்ட லென்ஸ் மட்டும் இல்லாவிட்டால் நான் தின்றுவிட்டுத் திரும்பியிருப்பேன்.

அன்று சாயங்காலம் கடைசித் தகடு. இந்த முறை நான் பாயில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டேன். "இதுக்குள்ள இருக்கறவங்கதான் படத்துல."

இடம் கொஞ்சம். அப்பா அம்மாவுக்கு ஒரு பக்கம், சித்தப்பா சித்திக்கு மறு பக்கம் என்று உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பாதி உடம்பு கோட்டுக்கு வெளியே. பெண்களை முன்னால் தள்ளி, இரண்டு பேரையும் பின்னால் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

"சித்தெத் தள்ளி நில்லுடா. முழங்கை குத்துது."

"தள்ளுனா நான் கறுப்புக்குள்ள போயிருவனுங்கண்ணா. நீங்க மூச்ச உள்ள இழுங்க."

"நான் இழுத்துத்தான்டா நிக்கறேன்!"

மாரிமுத்து கோட்டுக்கு வெளியே நின்றார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து போட்ட தீர்ப்பு அது. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வாக்குக் குடுத்தீங்க அம்மிணி."

"என்ற மக வாக்குக் குடுத்தா அவ நிக்கற படத்துல நில்லு" என்றார் அப்பா. "இது என்ற படம்."

"ஆமாங்க, எங்க படம்" என்றார் சித்தப்பா.

அம்மா திரும்பாமலே சொன்னாள்: "கண்ணாடி அவருதுங்க. அவரு தூக்கிட்டுப் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் இப்படியே நின்னுட்டு இருக்க வேண்டியதுதான்."

  எல்லோரும் அசையாமல் இருக்கட்டும் என்று நான் சீயக்காய் மூடியில் கை வைத்தேன். மூடியை எடுக்கிறேன், அந்த நேரம் பார்த்து மாரிமுத்து ஓடிவந்து குனிந்து, அப்பாவின் தலைக்கும் சித்தப்பாவின் தலைக்கும் நடுவே தன் தலையைச் சொருகினார்.

"அப்பா?" என்றாள் தங்கம், பின்னால் என்ன சத்தம் என்று.

"என்ன சாமி?" என்று அப்பாவும் சித்தப்பாவும் ஒரே குரலில் குனிந்தார்கள். நான் மூடிவிட்டேன்.

படம் விழுந்தது. கேட்டபடி விழவில்லை. அம்மாவும் சித்தியும் சிற்பம் போலத் தெளிவாக இருக்கிறார்கள். பின்னால் அப்பா, சித்தப்பா, மாரிமுத்து மூன்று பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கலங்கி, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பார்க்கிறவர்கள் மூன்று பேரும் கூடப் பிறந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் பூவரசு சுழித்துக்கொண்டு ஓடுகிறது.

அப்பா வெகு நேரம் பார்த்துவிட்டு, "இவனை அழிச்சுப் போட முடியாதா?" என்று கேட்டார்.

"அழிச்சா உங்க கன்னமும் போயிருமுங்க."

"சரி, கெடக்கட்டும்" என்றார். பிறகு, "இதுல மூணு காப்பி போடு. அந்தாளுக்கும் ஒண்ணு குடுத்துரு" என்றார்.

மாரிமுத்து தன் பிரதியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறினார். குழாயிலிருந்து நூலைப் பிரிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அது அப்படியே இருக்கட்டுமாம்.

இங்கே வந்ததும் வீட்டுக்காரர் படத்தைத் தொழில்காரர் கண்ணோடு பார்த்தார். "ஓரம் இருட்டு. பின் வரிசை அசைந்திருக்கிறது. லென்ஸ் சரியில்லை" என்றார். பிறகு, "நடுவில் இருக்கிறவர் யார்?" என்று கேட்டார். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று.

7

படம் எடுத்த பிறகு சுவர் விழுந்ததா என்று கேட்பீர்கள். விழவில்லை. நான் கிளம்பும் வரை அது அங்கேதான் இருந்தது. மாறியது ஒன்றே ஒன்று: அம்மாவுக்கு நடுவில் நிற்கிற வேலை போய்விட்டது. தண்ணீர் முறை, வரப்பு, எருவண்டி எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் நேருக்கு நேராகக் கத்திக்கொண்டார்கள். முன்பெல்லாம் வீடு அமைதியாகவாவது இருக்கும். "வாயப் பொத்தறதுக்கு ஒரு லென்ஸு இருந்தாப் பாரு சாமி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் கத்தலைச் சங்கீதம் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

என்னை வழியனுப்ப ஈரோட்டுக்கு இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தார்கள். பந்தலில் பாதியில் நின்றுபோன சண்டையை அங்கே ஸ்டேஷனில் வைத்து முடிக்கத் தொடங்கினார்கள்.

"அன்னிக்கே சொன்னேனுங்க. இந்தப் புள்ள மொகத்தைப் பாக்கறதுக்கு நாம எத்தனை வருசம் காத்துக் கெடந்தோம் பாத்தீங்களா?"

"அங்க அவ நல்லாத்தானேடா இருக்கறா? மாப்பிள்ளை அவளை ஒரு சொல் சொல்றாரா?"

"நல்லா இருக்கறது அவ. நாம?"

 மணி அடித்துவிட்டது. நானும் தங்கமும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். வண்டி நகர்ந்ததும் இரண்டு பேரும் கூடவே நடந்தார்கள். "பத்தரமாப் போயி காயிதம் போடு அம்மிணி" என்றார் அப்பா. "அடுத்த நோம்பிக்கு வந்தரோணும், சொல்லிப்போட்டேன்" என்றார் சித்தப்பா. பிறகு, "எந்த நோம்பிக்குடா? அவ என்ன சேலத்துலயா இருக்கறா?" என்று அப்பா அவர் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், என்னை மறந்துவிட்டார்கள். நான் கை காட்டியதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

வண்டி வளைவதற்கு முன்னால் எட்டிப் பார்த்தேன். நடைமேடையில் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அழுதுகொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே அப்பா தன் தோள்துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். சித்தப்பாவும் பேச்சை நிறுத்தாமல் அதில் கண்ணைத் துடைத்து, மூக்கையும் நன்றாகச் சிந்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பா அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டார்.